நான்கு அம்புக்குறிகளும் ஓர் அன்டூவும்

பெட்டி மூலைக்குள் போய்விட்டால் முடிந்தது கதை. திரும்ப எடுக்க வழியே இல்லை. ‘சோகோபன்’ ஆடியவர்கள் எல்லோரும் பட்ட பாடு இது. கிடங்கில் கிடக்கும் பெட்டிகளைக் குறித்த இடங்களில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தள்ளலாம், இழுக்கக் கூடாது. அதுவும் ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான்.

ஜப்பானின் ஹிரோயுகி இமாபயாஷி உருவாக்கி, அவருடைய ‘திங்கிங் ராபிட்’ நிறுவனம் 1982-ல் வெளியிட்ட ஆட்டம் இது. ஆடத் தேவை நான்கு அம்புக்குறி விசைகள் மட்டுமே. ஒரு தட்டுக்கு ஒரு கட்டம். பார்க்க எளிது; ஆனால், கணினியையே திணறடிக்கும் ‘பீஸ்பேஸ் முழுமை’ வகைக் கணக்குகளில் இதுவும் ஒன்று என்று 1997-ல் நிறுவினார் ஜோசப் கல்பர்சன்.

மவுஸில் கை முந்திக்கொள்ளும். அம்புக்குறியில் ஒவ்வோர் அடியும் தனித் தீர்மானம். அதனால்தான் ரசிகர்கள் தீர்வுகளை ஆங்கில எழுத்தாகவே குறித்துவைக்கிறார்கள்: இடம் எல், வலம் ஆர், மேல் யு, கீழ் டி. வெறுமனே நடந்தால் சிற்றெழுத்து, பெட்டியைத் தள்ளினால் பேரெழுத்து. சதுரங்கக் குறிப்பைப்போல, விரல் போன வழி முழுவதும் வரிகளில் பதிந்துவிடும்.

மற்றப் புதிர் ஆட்டங்களில் விசைகள் ஒன்றுபோல இருக்காது; தெரிந்துகொண்டு ஆடுவது நல்லது. ‘புட்டி’ மென்பொருளைத் தந்த சைமன் டாதமின் இலவசப் புதிர்த் தொகுப்பில் யு தட்டினால் ஓர் அடி பின்னே (அதுதான் ‘அன்டூ’), ஆர் தட்டினால் மறுபடி முன்னே, என் தட்டினால் புதுப் புதிர். 2019-ல் வந்த ‘பாபா இஸ் யூ’ புதிர் ஆட்டத்தில் பின்வாங்க இசட், அங்கே ஆர் தட்டினால் அந்தப் புதிர் முதலிலிருந்து தொடங்கிவிடும்! டாதமின் புதிர்களில் பெரும்பாலானவற்றை மவுஸைத் தொடாமலே ஆடலாம். மவுஸ் பிடிக்கக் கை ஒத்துழைக்காதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வாசல்!

சோகோபனில் மாட்டிக்கொண்டதும் முதலிலிருந்து தொடங்கத்தான் கை துடிக்கும். வேண்டாம். அன்டூவை ஒவ்வொன்றாகத் தட்டிப் பின்னே வாருங்கள். தப்பு பெரும்பாலும் மாட்டிய இடத்தில் இருக்காது. இருபது அடிக்கு முன்பு, சரி என்று நம்பித் தள்ளிய ஒரு பெட்டியில் இருக்கும். அதைக் கண்டுபிடித்தவருக்கு அடுத்த கிடங்கில் அதே மூலை காத்திருந்தாலும், விரல் தட்டுமுன் ஒரு கணம் நிற்கும்.