திரவ நைட்ரஜனுக்குள் ஒரு தர்மசங்கடம்

கருவுற்று ஐந்து நாளான கரு ஒரு தூசியளவுதான் இருக்கும். வெளிச்சுற்றுச் செல்கள் நஞ்சுக்கொடிக்குப் போகும். உள்ளே ஒட்டிக்கிடக்கும் சிறு கொத்திலிருந்துதான் குழந்தை. 1998-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தாம்சன் அந்தக் கொத்தைப் பிரித்து, ஸ்டெம் செல்களாக வளர்த்தெடுத்தார். நரம்பு, இதயம், கணையம் என எதுவாகவும் மாறக்கூடியவை. கொத்தை எடுத்தால் கரு அழியும். கத்தோலிக்கத் திருச்சபை மறிப்பது அந்த இடத்தில்தான்.

கருவான கணமே ஆன்மா வந்துவிடுகிறது என்று ரோம் அறிவித்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. அரிஸ்டாட்டிலைப் பின்பற்றிய புனித தாமஸ் அக்குவினாஸே, பகுத்தறியும் ஆன்மா பிறகுதான் வருகிறது என்றவர். ரோமின் சார்பில் கர்தினால் ராட்சிங்கர் 1987-ல் வெளியிட்ட 'டோனும் வீட்டே' ஆவணமும் அந்தத் தத்துவ வழக்கில் தீர்ப்பு எழுதவில்லை. முதல் கணத்திலிருந்தே கருவை மனித நபருக்குரிய மதிப்போடு நடத்து என்றது, அவ்வளவே. 1995-ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இன்னும் வெளிப்படையாகப் பேசினார்: அங்கே ஒரு மனித நபர் இருக்கக்கூடும் என்ற சாத்தியமே கைவைக்காமலிருக்கப் போதும். புதருக்குள் அசைவது மானா மனிதனா என்று தெரியாத வேடன் அம்பு விடக் கூடாதல்லவா?

வாதம் பலமானதுதான். ஆனாலும் சபைக்குள்ளேயே எதிர்க்குரல் எழுந்தது. பதினான்கு நாள் வரை கரு இரட்டையாகப் பிரியலாம். இரண்டாகக்கூடியதை எப்படி ஒரு நபர் என்பது? ஆஸ்திரேலிய சலேசிய குரு நார்மன் ஃபோர்டு 1988-ல் எழுதிய நூலில் இதைக் கேட்டார். பிரிட்டனின் 1990 சட்டமும் ஆய்வுக்கு அதே பதினான்கு நாளைத்தான் எல்லையாக வைத்தது. ரோம் அசையவில்லை.

ஆய்வாளர்களுக்கு வேறு வழி பிறந்தது. ஜப்பானின் ஷின்யா யமனகா 2006-ல் எலியின் தோல் செல்லையும், மறுவருடம் மனிதத் தோல் செல்லையும் ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பிக் காட்டினார். கருவைத் தொடாத இந்த வழியில் ரோமுக்கு நிம்மதி.

உறைந்த கருக்களுக்குத்தான் வழியில்லை. சோதனைக்குழாய் சிகிச்சையில் மிஞ்சி, மைனஸ் 196 டிகிரியில் கிடப்பவை. ரோம் 2008-ல் வெளியிட்ட 'டிக்னிதாஸ் பெர்சோனே' ஆவணம் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கிறது. ஆய்வுக்குக் கொடுப்பதா? கூடாது. குழந்தையில்லாத் தம்பதியருக்குச் சிகிச்சையாகக் கொடுப்பதா? கூடாது. பிறக்க வழிசெய்வதற்காகவே ஒரு பெண் தத்தெடுத்துச் சுமப்பதா? நோக்கம் போற்றத்தக்கது, ஆனால் அதிலும் சிக்கல். கடைசியில், இது தீர்க்கவே முடியாத அநீதி என்று எழுதிவிட்டு நிற்கிறது. ஒரு மத ஆவணத்தில் இப்படியொரு கைவிரிப்பை நான் அதிகம் பார்த்ததில்லை. அதனாலேயே அதன்மேல் மதிப்பு கூடுகிறது.

அனாதைக் குழந்தையை எடுத்து வளர்ப்பதுபோல்தானே இது என்கிறார்கள் தத்தெடுப்பை ஆதரிக்கும் இறையியலாளர்கள். கணவனால் அன்றி வேறு வழியில் மனைவி கருச்சுமப்பது திருமணத்தையே மீறுவது என்கிறார்கள் மறுப்பவர்கள். இரு தரப்பும் புரட்டுவது அதே 2008 ஆவணத்தைத்தான்.