லசான்யாவின் நீர்க்கணக்கு

இத்தாலியின் பொலோனியா நகர வர்த்தக சபையில் சமையல் குறிப்புகளையும் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். 'ராகூ' என்னும் கொத்துக்கறிக் குழம்பின் செய்முறையை இத்தாலியச் சமையற்கலைக் கழகம் 1982-இல் அங்கே பதிந்தது. அந்தக் குழம்பை வைத்து அடுக்கும் பச்சை லசான்யா 2003-இல் பதிவேறியது. பச்சை நிறம் மாவோடு சேர்த்துப் பிசையும் பசலைக்கீரையால் வருவது.

உணவோ அதைவிட மிகப் பழையது. சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட 'லிபெர் தெ கொக்வினா' என்ற லத்தீன் சமையல் நூல், வேகவைத்த மாவுத் தகடுகளுக்கு நடுவே சீஸும் மசாலாப் பொடியும் தூவி அடுக்கச் சொல்கிறது. தக்காளி அதில் கிடையாது. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்ததே 16-ஆம் நூற்றாண்டில்தான்.

அகலமான பாஸ்தாத் தகடு, குழம்பு, வெள்ளை சாஸ், சீஸ் என்று மாறிமாறி அடுக்கி ஓவனில் சுட்டெடுப்பதுதான் லசான்யா. வீட்டில் செய்யும்போது இது இரண்டு விதமாகக் கெடும்: வெட்டியதும் நீர் விட்டுச் சரிந்துவிடும், இல்லையென்றால் தகடு வேகாமல் விறைத்து நிற்கும். எந்த அடுக்கு நீரை விடும், எது உறிஞ்சும் என்று தெரிந்துவிட்டால் இரண்டையும் தவிர்க்கலாம்.

தகடும் சாஸும்

வீட்டில் தகடு செய்ய 100 கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை என்பது இத்தாலிய வீடுகளின் கணக்கு. பிசைந்த மாவை அரை மணி நேரம் மூடி வைத்தால் குளூட்டன் இழைகள் தளர்ந்து, மெல்லிசாகத் தேய்க்க வரும். தேய்த்த தகடுகளை உப்பிட்ட கொதிநீரில் போட்டுச் சற்று நேரத்தில் எடுத்து, குளிர்ந்த நீரில் நனைத்து, துணியில் பரப்பி ஈரம் ஒற்ற வேண்டும். கடையில் கிடைக்கும் 'வேகவைக்கத் தேவையில்லாத' தகடுகள் தமக்கு வேண்டிய நீரை ஓவனுக்குள் குழம்பிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். அவற்றைப் பயன்படுத்தினால் குழம்பு சற்றுத் தளர்வாக இருக்கட்டும்.

பொலோனியா ராகூவில் வெங்காயம், கேரட், செலரி, மாட்டுக் கொத்துக்கறி, பன்றிக்கறி, வைன், தக்காளி எல்லாம் சிறு தீயில் மணிக்கணக்கில் வேகும். பாலும் சேரும். வேக வேக நீர் வற்றிச் சுவை இறுகும்.

பெச்சமெல் எனப்படும் வெள்ளை சாஸுக்கு அரை லிட்டர் பால், 40 கிராம் வெண்ணெய், 40 கிராம் மைதா போதும். முதலில் வெண்ணெயை உருக்கி அதில் மைதாவை வதக்குவதற்குக் காரணம் உண்டு. கொழுப்பு மாவுத் துகள்களைத் தனித்தனியே பூசிவிடுவதால் பால் ஊற்றும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டுவதில்லை. சூடேறியதும் மாவுச்சத்து பாலின் நீரை உறிஞ்சி உப்பி, சாஸ் கெட்டியாகும். கடைசியில் ஜாதிக்காய்த் தூளும் உப்பும்.

நேப்பிள்ஸ் பக்கத்துத் திருவிழா லசான்யாவில் வெள்ளை சாஸுக்குப் பதில் ரிக்கோட்டா சீஸ், சிறு கறி உருண்டைகள், அவித்த முட்டை இருக்கும். ரிக்கோட்டாவை வடிகட்டியில் போட்டு நீரை இறக்கிவிட வேண்டும். சைவமாகச் செய்பவர்கள் காளான், கத்தரிக்காய் போன்றவற்றைத் தனியே வதக்கி, நீர் சுண்டிய பிறகே அடுக்க வேண்டும்.

ஓவனுக்குள்

தட்டின் அடியில் கொஞ்சம் சாஸைத் தடவிவிட்டு அடுக்கத் தொடங்குங்கள், தகடு ஒட்டாது. மேல் தகடு முழுவதும் சாஸால் மூடியிருக்க வேண்டும். 180 டிகிரி செல்சியஸில் முதல் அரை மணி நேரம் மூடிச் சுட்டால் நீராவி உள்ளேயே தங்கித் தகடுகளை வேகவைக்கும். பிறகு மூடியை எடுத்து 10 முதல் 15 நிமிடம் விட்டால் மேற்பரப்பு உலர்ந்து, சீஸ் பொன்னிறமாகும். ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது, அதுவரை சிவக்கவும் செய்யாது.

வெளியே எடுத்ததும் வெட்ட வேண்டாம். கால் மணி நேரம் ஆறினால் சாஸ் இறுகி, துண்டு நிற்கும்.

மீதியைப் பாதுகாக்க

கறி, பால், மாவு மூன்றும் ஈரத்தோடு ஒரே தட்டில் இருப்பது பாக்டீரியாவுக்கும் விருந்துதான். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ், பேசில்லஸ் சீரியஸ் ஆகியவற்றின் வித்துகள் சமையல் சூட்டையும் தாங்கும். உணவு மெதுவாக ஆறும்போது அவை முளைத்துப் பெருகும். சீரியஸ் விடும் ஒரு நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. எனவே 2 மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். அறை வெப்பம் 32 டிகிரிக்கு மேல் போனால், நம் ஊர்க் கோடையில் அது சாதாரணம், 1 மணி நேரம்தான் கெடு. பெரிய தட்டோடு வைத்தால் நடுப்பகுதி குளிர வெகுநேரமாகும். துண்டுகளாக்கி ஆழமில்லாத டப்பாக்களில் வையுங்கள். 4 டிகிரிக்குக் கீழே 3, 4 நாள் தாங்கும். மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் 2, 3 மாதம்வரை சுவை கெடாது.

உப்பும் புளிப்பும் உள்ள லசான்யாவை ஸ்டீல் தட்டில் வைத்து அலுமினியத் தாளால் மூடினால், மறுநாள் தாளில் பொத்தல்கள் தெரியும். இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவே உப்பு நீர் இருந்தால் அது ஒரு மின்கலம், அதில் கரைவது அலுமினியம். வேதியியலில் இதற்கு 'லசான்யா மின்கலம்' என்றே பெயர் வந்துவிட்டது. கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் உறைந்த கண்ணாடிப் பாத்திரத்தை நேரே சூடான ஓவனில் வைத்தால் வெடித்துவிடலாம்.

உறைந்ததை முந்தின இரவே குளிர்பெட்டிக்கு மாற்றி இளகவிட்டு, நடுப்பகுதி 74 டிகிரி ஏறும்வரை சூடாக்கிச் சாப்பிடுங்கள். நோய்தரும் பாக்டீரியா பெருகியிருந்தாலும் மணமோ ருசியோ மாறாமல் இருக்கலாம். ஆகவே மோந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள். எத்தனை மணி நேரம் வெளியே கிடந்தது என்று சந்தேகம் வந்தால் கொட்டிவிடுங்கள்.