ஒரு மணிக்கெல்லாம் வந்துருவோம்ங்!

செருப்பைக் கழற்றி நிமிர்வதற்குள் கையில் ஒரு அகல் விளக்கைக் கொடுத்துவிட்டார்கள். “காஞ்சுருச்சான்னு தொட்டுப் பாத்துராதீங். ரேகை விழுந்துரும்” என்றார் கறுகறுவென்று மீசை வைத்த ஒரு தம்பி. தொட்டேன். விழுந்தது. தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, விளக்கை வாங்கி ‘ரிப்பேர்’ கூடையில் போட்டார். சுற்றியிருந்த ஏழெட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வந்த ஐந்தாவது நிமிடமே அவமானம். ஆனால் அதற்குள் நான் அவர்களில் ஒருத்தி ஆகிவிட்டிருந்தேன்!

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. கோவைக்கு வடக்கே ஒரு சிறப்புப் பள்ளியின் தொழிற்பயிற்சிக் கூடம் அது. அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்கள் விளக்குக்கு வர்ணம் பூசி விற்கிறார்கள். பெயரைப் போட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்கள். கூச்சமெல்லாம் இல்லை. “இருக்கற ஆர்டரே தாங்கலீங்.”

எனக்குக் காட்டப்பட்ட முதல் ரகசியம் ஒரு மரப் பலகை. அதில் பன்னிரண்டு குழிகள், ஒரு குழிக்கு ஒரு விளக்கு. குழியெல்லாம் நிரம்பினால் ஒரு டஜன், எடுத்துப் பெட்டியில் அடுக்கலாம். மீசைத் தம்பிக்கு எண்ணத் தெரியாது. ஆனால் அவர் கட்டிய பெட்டியில் ஒரு விளக்குகூடக் குறைந்ததில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள். இந்தப் பலகைக்குப் பெயர் ஜிக். ஆமாம், லேத் பட்டறையில் பம்ப்செட் பாகத்துக்கு இடம் மாறாமல் துளை போட வைக்கிறோமே, அதே ஜிக்! கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊரல்லவா. கணபதியில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் இதைக் கடைந்து கொடுத்துவிட்டு, நன்றி சொல்வதற்குள் வண்டியைக் கிளப்பிப் போய்விட்டாராம்.

வர்ணம் பூசுவதையும் துண்டு துண்டாக உடைத்திருக்கிறார்கள். ஒருவர் துடைக்கிறார், இன்னொருவர் முக்குகிறார், மூன்றாமவர் விளிம்பில் மட்டும் பொன் வர்ணம் இழுக்கிறார். எதை எத்தனை படியாக உடைத்தால் யாருக்குக் கைவரும் என்று கண்டுபிடிப்பதுதான் சிறப்பாசிரியரின் வித்தை. இங்கே இருக்கும் டீச்சர் பெரியநாயக்கன்பாளையத்தில் படித்தவர். தி.சு. அவினாசிலிங்கம் 1930-ல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் அங்குள்ள வளாகத்தில் இன்று சிறப்புக் கல்விக்கென்றே ஒரு புலம் நடக்கிறது. ஷூ லேஸ் கட்டுவதை எத்தனை படியாக உடைக்கலாம் தெரியுமா என்று அவர் என்னைக் கேட்டார். நான் மூன்று என்றேன். பெருந்தன்மையாகப் பேச்சை மாற்றினார்.

ஒரே ஒரு முணுமுணுப்பு எனக்கு. முப்பது தாண்டி, தினம் சவரம் செய்துகொள்கிற ஆளையும் வருகிறவர்கள் எல்லாம் “குழந்தை” என்கிறார்கள். மனவளர்ச்சி குன்றியோர் என்ற சொல்லை அறிவுசார் குறைபாடு என்று மாற்றிவிட்டோம். எழுத்து, கணக்கில் மட்டும் தடுமாறுகிற கற்றல் குறைபாடு வேறு, இது வேறு என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை பிரித்துப் பட்டியலும் போட்டுவிட்டது. மீசைக்கு உரிய மரியாதை மட்டும் இன்னும் வரவில்லை.

சரி, இரண்டாவது ரகசியம்: ஆபீஸ் மேஜையில் இருக்கும் தடி டைரி. பிறந்தநாள், கல்யாண நாள், அப்பா திதி என்று ஊர்க்காரர்கள் ‘ஒரு வேளைச் சாப்பாடு’ பதிந்து வைக்கிற புத்தகம். நைசாகப் புரட்டினேன். ஜனவரி 1-க்கும் ஆகஸ்ட் 15-க்கும் பேருக்கு மேல் பேர், அடித்தல் திருத்தல், ஓரத்தில் அம்புக்குறி. கல்யாண மண்டபத்துக்குக்கூட இவ்வளவு போட்டி இருக்காது! ஒரு நாள் காலையில் கேசரி, மதியம் கேசரி, சாயங்காலம் வந்தவரும் ஆசை ஆசையாகத் தூக்குப் போசியைத் திறந்தால் கேசரி. விடுதி வார்டன் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாராம். வலிப்பு மாத்திரைக்கு நேரம் பார்க்க வேண்டும், உடம்பு எடை ஏறிவிடக் கூடாது, வந்தவர் மனதும் கோணக் கூடாது. “பசங்களுக்குப் புடிச்சது அரிசிம்பருப்பு சாதம்ங். அதைய ஆரு குடுக்கறாங்க? கௌரவக் கொறச்சல்னு நெனைக்கறாங்களாட்ட இருக்குது.”

அதே டைரியைத் திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்திலிருந்து இன்னொரு கணக்கு தொடங்குகிறது. தலைப்பு: ‘நேரம்’. சோறு கொடுக்க ஆள் இருக்கிறது, பெற்றவளுக்கு இரண்டு மணி நேரம் கொடுக்கத்தான் ஆளில்லை என்று யாருக்கோ உறைத்திருக்கிறது. சனிக்கிழமை பதினொன்றிலிருந்து ஒன்று வரை கல்லூரிப் பிள்ளைகள் வந்து கூடவே இருப்பார்கள். அம்மாக்கள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். கேட்டதும் எனக்கே கைதட்டத் தோன்றியது. அன்னதானத்தில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லைதான். ஆனால் இந்தப் பின்பக்கத்தில் பாதி வரிகள் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கின்றன.

அன்று சனிக்கிழமை, பதினொன்றாக ஐந்து நிமிடம். வராந்தாவில் ஆறு அம்மாக்கள், கைப்பையும் கையுமாக, பள்ளி மணிக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் மாதிரி. ஒருவர் கையில் மட்டும் பச்சை ஃபைல். மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. அதன்பின் சட்டத்தின் கண்ணில் அவள் மேஜர். அம்மாவே ஆனாலும் அவளுக்காகக் கையெழுத்துப் போட, 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான குழு அவரைப் பாதுகாவலராக நியமிக்க வேண்டும். அந்த ஃபைலிலேயே ‘நிராமயா’ மருத்துவக் காப்பீட்டு அட்டையும் இருந்தது, ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. 2023 ஜனவரியில் 1,500-லிருந்து 2,000 ஆன மாத உதவித்தொகையின் பாஸ்புக்கும் இருந்தது. “எல்லாத்துக்கும் காயிதம் இருக்குதுங். எனக்கப்பறம் ஆருங்கறதுக்குத்தான் காயிதம் இல்லீங்” என்றார். போத்தனூரில் கனடாக்காரர் சாண்ட்ரா சிம்ப்சன் 1970-களில் தொடங்கி வைத்த ‘ஃபேமிலீஸ் ஃபார் சில்ட்ரன்’ இல்லத்தைப் போய்ப் பார்த்தாராம். சொல்லி முடிக்கவில்லை, மணி அடித்துவிட்டது. ஃபைலை என் மடியில் வைத்தார். “பாத்துக்கோங் அம்முணி. ஒரு மணிக்கெல்லாம் வந்துருவோம்ங்!”

ஆறு பேரும் பஸ் ஸ்டாப்புக்குக் கிட்டத்தட்ட ஓடினார்கள். டிக்கெட் செலவுகூட இல்லை. 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கும் இலவசம், மாற்றுத்திறனாளிக்கும் கூட வருகிற ஒருவருக்கும் இலவசம். இன்றைக்குப் பெண்கள் கணக்கில் மட்டும் ஏறுகிறார்கள். போகும் இடம் அன்னபூர்ணா ஹோட்டல், சாம்பார் வடை. இது உளவுத் தகவல்.

இந்தப் பக்கம் மைதானத்தில் டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு வள்ளி கும்மி ஒத்திகை. நம் கோவை மாவட்டத்து பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தது வள்ளி ஒயில் கும்மிக்காகத்தான். ஆண்கள் ஆடிய ஆட்டத்தில் பெண்களையும் சேர்த்துப் பழக்கியவர் அவர். இங்கே இன்னும் ஒரு படி மேலே: கல்லூரிப் பிள்ளைகள், ஆயாம்மா, வாட்ச்மேன் வரைக்கும் வட்டத்தில். சலங்கைச் சத்தம் காதைப் பிளக்கிறது. ஒரு பெண் மட்டும், நீல தாவணி, விடாப்பிடியாக எதிர்த் திசையில் சுற்றுகிறாள். முட்டி மோதி மூன்று பேர் சரிந்தார்கள். வாத்தியார் விசிலை ஊதினார். அவளைத் திருப்புவார் என்று பார்த்தால், மற்ற இருபத்து மூன்று பேரையும் திருப்பிவிட்டார்! அடுத்த சுற்றில் ஓர் அடிகூடப் பிசகவில்லை. (என்னையும் ஆட விட்டார்கள். அதைப் பற்றி எழுதுவதாக இல்லை.)

ஒரு மணி ஆயிற்று. வரவில்லை. ஒன்றேகால். டீச்சர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றேதான். ஒன்றரைக்கு ஆறு பேரும் சிரிப்பும் திருட்டு முழியுமாக வந்து சேர்ந்தார்கள். மல்லிகைப் பூ வாசனை. ஒருவர் கண்ணாடி வளையல்கூட மாற்றியிருந்தார். மீசைத் தம்பியின் அம்மா எண்ணெய் ஊறிய பொட்டலத்தை நீட்டினார். சின்னச் சின்ன உருளைக்கிழங்கு போண்டா.

தம்பி பிரித்தார். ஒரு கணம் யோசித்தார். ஜிக் பலகையை எடுத்து வந்து, குழிக்கு ஒன்றாக போண்டாக்களை வைத்தார். ஒன்பது நிரம்பின. மூன்று குழி காலி. பலகையை அப்படியே அம்மாவின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.