குருவில்லாக் காலமும் ஒரு பங்கின் குரலும்



நாம் நாளாந்தம் அமரும் 'கதிரை' தமிழிற் பிறந்த சொல்லன்று. போர்த்துக்கேயரின் 'கதெய்ரா'வே ஈழத்தவர் நாவிற் கதிரையாயிற்று. அலுமாரியும் சப்பாத்தும் அவ்வழி வந்தனவே. ஆனால், வலிகாமத்திலே பண்டத்தரிப்பை அடுத்துள்ள சில்லாலைக் கிராமத்தில் இச்சொல் இருக்கையை மட்டும் குறிப்பதில்லை. அவ்வூர்க் கத்தோலிக்கக் கோயிலின் பெயர் கதிரை மாதா கோயில். அந்நியச் சொல்லொன்று ஓர் ஊரின் தாயினுடைய பெயராகிவிட்டது. அச்சொல்லைப் போலவே, வெளியிலிருந்து வந்த ஒரு சமயம் எவ்வாறு இம்மண்ணில் வேர்கொண்டது? அதனை வேரறுக்க ஓர் அரசு முயன்றபோது யார் அதனைக் காத்தனர்? இவ்வினாக்களுக்கு விடைகாண்பதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

ஒரு குருவானவரின் பராமரிப்பில் உள்ள கத்தோலிக்க மக்கட் குழுவினைப் 'பங்கு' என்பர். பங்கு என்றால் பாகம், உரித்து எனப் பொருள்படும். ஆகவே பங்கின் வரலாறு என்பது குருமாரின் வரலாறு மட்டுமன்று. அதிற் பங்குகொண்ட மக்களின் வரலாறுமாகும். சில்லாலை இதற்கு நல்ல சான்று.

1619ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். அவர்களது ஆட்சியிற் கத்தோலிக்கம் அரசின் அரவணைப்புடன் பரவியது. அதே ஆட்சியிலேதான் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் இடித்தழிக்கப்பட்டது. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் நினைவிற்கொள்ளல் வேண்டும். அரசின் நிழலில் வளர்ந்த சமயம், அந்நிழல் அகன்றதும் பட்டுப்போயிருக்கலாம். அவ்வாறு நிகழவில்லை என்பதே நாம் கருதற்குரிய செய்தி.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என அரசாணை பிறந்தது. கோயில்கள் புரட்டஸ்தாந்து ஆலயங்களாகவும் பாடசாலைகளாகவும் மாற்றப்பட்டன. பிறப்பையும் விவாகத்தையும் அங்கே பதிந்தாலன்றி முதுசச் சொத்துக்கும் உரிமையில்லை என்ற நிலை உருவாயிற்று.

அக்காலத்திற் சைவர் நிலையும் இதுவே. விரத நாளில் உணவருந்திய வாழையிலையை வெளியே எறியாது கூரையிற் செருகி மறைத்ததாக நம் பாட்டன்மார் வழிவழியாகக் கூறி வந்துள்ளனர். ஒரு வீட்டின் இறப்பிலே வாழையிலை ஒளிந்திருக்க, அயல்வீட்டுப் பெட்டகத்தினுள்ளே செபமாலை ஒளிந்திருந்த காலம் அது.

1658 முதல் 1687 வரை, ஏறத்தாழ இருபத்தொன்பது ஆண்டுகள், யாழ்ப்பாணக் கத்தோலிக்கருக்குக் குருவானவர் இல்லை. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. அக்காலத்திற் பிறந்த குழந்தை வளர்ந்து, மணமுடித்து, தன் பிள்ளையையும் ஒரு குருவின் முகம் காணாமலே வளர்த்திருக்கும். ஆயினும் மந்திரங்களும் செபங்களும் வாய்மொழியாக நிலைத்தன. தாய் பிள்ளைக்குச் சொல்ல, பிள்ளை தன் பிள்ளைக்குச் சொல்லிற்று.

1687இற் கோவையிலிருந்து, அதாவது கோவாவிலிருந்து, ஒரு குருவானவர் கூலியாள் வேடத்தில் இங்கு வந்து சேர்ந்தார். அவரே யோசேவ்வாஸ் அடிகள். நோயுற்று மெலிந்த நிலையில், கழுத்திற் செபமாலையை அணிந்து வீடுவீடாக இரந்து சென்றார். மாலையைக் கண்டு எவர் முகம் மலர்கின்றதோ அவர் கத்தோலிக்கர் என அறிவதே அவரது உபாயம். அவ்வாறு இனங்கண்டவர்கள் அவரைப் பாதுகாப்புக் கருதிச் சேர்த்த இடமே சில்லாலை. மரண தண்டனை உண்டென அறிந்தும் ஒரு கிராமம் அவரைத் தன்னுள் மறைத்து வைத்தது. தமிழைக் கற்று, இரவுகளிற் கிராமங்கள்தோறும் சென்று திருப்பணி புரிந்தார். 1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்திற் கூடியிருந்த கத்தோலிக்கர்களை ஒல்லாந்தர் சுற்றிவளைத்துச் சிறையிட்டனர். தேடுதல் கடுமையாகவே, அடிகள் இங்கிருந்து நீங்கிப் புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்தை அடைந்தார். 1711இல் அங்கேயே மறைந்த அவர், 1995இல் முத்திப்பேறு பெற்றவராகவும் 2015இற் புனிதராகவும் கொழும்பிற் பிரகடனம் செய்யப்பட்டார்.

அடிகள் நீங்கியபின் பங்குகள் எவ்வாறு இயங்கின? ஊர்தோறும் மூப்பரும் அண்ணாவியாரும் இருந்தனர். மூப்பர் கோயிற் காரியங்களையும் ஏழைகளையும் கவனித்தார். அண்ணாவியார் செபங்களை முன்னின்று சொல்லிப் பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் கற்பித்தார். குருவானவர் எப்போதாவது இரகசியமாக வருவார். ஏனைய நாட்களிற் பங்கு தன் காலிலேயே நின்றது. கத்தோலிக்கர் மீதான தடைகளை ஆங்கில அரசு நீக்கியது 1806ஆம் ஆண்டிலேதான்.

இவர்களுக்கு ஊன்றுகோலாய் அமைந்தது தமிழ் இலக்கியம். 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளைத் தமிழ் மக்கள் சாங்கோபாங்க சுவாமி என அழைத்தனர். கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்ட அவர், தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை யாத்து 1742இற் காலமானார். கிறிஸ்துவின் பாடுகளையும் மாதாவின் துயரையும் கூறும் அவரது 'வியாகுலப் பிரசங்கம்' உரைநடையில் அமைந்தது. குருவானவர் வர இயலாத இடத்திலும் ஒரு பிரசங்கம் ஒலிக்கலாம். வாசிக்க ஒருவரும் கேட்க ஊரும் இருந்தாற் போதும். இந்நூலின் பயன் அதுவே.

தபசு காலத்தில், மாலை வேளைகளில், இதனை ஓதுவோர் வெறுமனே வாசிப்பதில்லை. உரைநடையை ஒப்பாரியின் சாயல் கொண்ட இராகத்தில் நீட்டி இசைப்பர். மூச்சுக்கு மூச்சு சொல்லைப் பிரித்து, பொருள் சிதையாமல் ஓதுவது எளிதன்று. நமது சைவக் கோயில்களிற் கந்தபுராண படனம் நிகழும்போது ஒருவர் பாடலை இசையோடு வாசிக்க, மற்றவர் பயன் சொல்வார். இங்கே நூலே பயனாகவும் அமைகின்றது; எனினும் ஊர் கூடிச் செவிவழி கற்கும் மரபு இரண்டிற்கும் பொதுவானது. பள்ளிக்கூட வாசனை அறியாத மூதாட்டியும் செந்தமிழ்ச் சொல்லைக் கேட்டு விளங்கிக் கண்ணீர் உகுத்தாள் எனின், அது இம்மரபின் பேறேயாகும்.

பங்கின் ஏனைய வாழ்வும் இவ்வாறு பகிர்ந்து நடப்பதே. கொடியேறியது முதல் பெருநாள் வரை ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு பகுதியார் பொறுப்பேற்பர். ஒருவர் வீட்டிற் சாவு விழுந்தால் கோயில் மணி ஊருக்கு அறிவிக்கும். செபம் சொல்ல அயல் கூடும். பெருநாளன்று சுரூபம் வீதிவலம் வருகையிற் சைவ வீட்டுப் படலையிலும் விளக்கு எரிவதைப் பல ஊர்களிற் காணலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், உடன் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் அழைத்ததால், அயற்பங்கு ஒன்றிற் பெரிய வெள்ளியன்று பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். எண்பதை அண்டிய பெரியவர் ஒருவர் பிரசங்கம் ஓதினார். ஏடு மடியில் இருந்தது. அவர் கண்கள் ஏட்டில் இல்லை. முடிந்தபின், "ஐயா, உங்களுக்குப் பிறகு ஆர் ஓதுவினம்?" எனக் கேட்டேன். "தம்பி, படிச்ச பிள்ளையள் ரெண்டு பேரும் வெளிநாட்டிலை. இப்ப றெக்கோட் போடலாம் எண்டு சொல்லுகினம்" என்றார். சற்றுப் பொறுத்து, "றெக்கோட் பிழைவிடாது, ஆனா அழவும் மாட்டுது" என்றார்.

1995இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது ஏடுகள் பல அழிந்தன, ஓதுவோரும் திசைக்கொருவராயினர். அச்சிட்ட நூலை மீளப் பெறலாம். இராகத்தை அச்சில் ஏற்ற முடியாது. அதனைக் கேட்டே பெறல் வேண்டும்; பெறுவதற்கு ஒரு மாணவன் அருகில் அமரவும் வேண்டும். ஒலிப்பதிவு துணை செய்யும். மாணவனின் இடத்தை அது நிரப்பாது.

புராண படனத்திற்கும் இதே ஆபத்து நேர்ந்துள்ளதைத் தமிழாசிரியன் என்ற வகையிற் கண்டு வருகிறேன். எனவே இது ஒரு சமயத்தாரின் கவலை மட்டுமன்று. தமிழ்த்தினப் போட்டிகளிற் பேச்சுக்கும் பாவோதலுக்கும் இடமளிக்கும் நாம், இவ்விரு ஓதல் மரபுகளையும் பெரியவர்களிடம் கேட்டுப் பழகும் வாய்ப்பை மாணவருக்கு ஏற்படுத்தினால் என்ன?

இருபத்தொன்பது ஆண்டுகள் குருவானவர் இன்றியும் ஒரு சமூகம் நிலைத்தது. மூத்தவர் சொன்னதை இளையவர் வாங்கிக்கொண்டமையே காரணம். இன்று கோயில்கள் உள்ளன; குருமாரும் உள்ளனர். வாங்கிக்கொள்ளும் செவிகளே தேவை. அந்தப் பெரியவரின் குரல் ஓய்வதற்கு முன் ஒரு பிள்ளையாவது அவரருகே சென்று அமரட்டும்.