ஒற்றியா, குத்தகையா?

காணி உறுதிகளைப் படித்துப் பழகிய நம்மவர்க்கு ஒற்றிக்கும் குத்தகைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை. ஒற்றியில் கடன் கொடுத்தவரே காணியை ஏற்று, வட்டிக்குப் பதிலாக அதன் விளைவை அனுபவிப்பார். குத்தகைக்கு எடுப்பவரோ கடன் கொடுத்தவராக இருக்க வேண்டியதில்லை. அம்பாந்தோட்டைத் துறைமுகம் கடனுக்காகச் சீனரிடம் ஒற்றி போயிற்று என்றே பலரும் பேசக் கேட்கிறோம். வறிய நாடுகளுக்கு ஓர் எச்சரிக்கையாக உலகப் பத்திரிகைகளும் அதனையே எழுதின. கணக்கை விரித்துப் பார்த்தாலோ கதை வேறாக இருக்கிறது.

சீனத்தோடு நமக்குள்ள கொடுக்கல் வாங்கல் புதியதன்று. 1952 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர் சென்றது. 270,000 தொன் அரிசி வந்தது. நம் மண்ணில் விளைந்ததைக் கொடுத்து, நமக்கு வேண்டியதைப் பெற்றோம். அம்பாந்தோட்டையிலோ முதலில் வந்தது கடன்.

2008 இல் வேலை தொடங்கிற்று. முதற் கட்டத்துக்குச் சீன எக்சிம் வங்கி 30 கோடி 70 இலட்சம் டொலர் கடன் தந்தது. வட்டி நூற்றுக்கு 6.3. துறைமுகம் 2010 நவம்பரில் திறக்கப்பட்டது. கீழைக் கடலுக்கும் மேலைக் கடலுக்கும் இடையே ஓடும் கப்பல்கள் செல்லும் வழி அதற்கு மிக அண்மையிலேயே உள்ளது. ஆயினும் 2012 இல் அங்கே வந்து தங்கிய கப்பல்கள் 34 மட்டுமே. அதே ஆண்டில் கொழும்புக்கு 3,600 க்கு மேற்பட்டவை வந்தன. இந்நிலையிலேதான் அவ்வாண்டில் இரண்டாங் கட்டத்துக்கும் கடன் வாங்கப்பட்டது! கொடுத்தவரைக் குறை கூறுமுன் கேட்டவரையும் நாம் சற்று நோக்குதல் வேண்டும்.

2017 இல் சைனா மேர்ச்சன்ட்ஸ் என்னும் கப்பல் துறை நிறுவனம் 112 கோடி டொலருக்கு 99 ஆண்டுக் குத்தகை பெற்றது. அதுவும் சீன அரசுக்குரியதே. ஆனால் கடன் கொடுத்தது அதுவன்று. வந்த பணம் துறைமுகக் கடனைத் தீர்க்கவும் செல்லவில்லை. நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு மெலிந்திருந்தமையால் அதனைத் தாங்கவே சென்றது. துறைமுகத்தின் ஆட்சி கைமாறிற்று. கடனோ திறைசேரியின் தலைமேலேயே நின்றது.

அந்தக் கையிருப்பை உறிஞ்சியது எது? 2007 இல் 50 கோடி டொலருடன் தொடங்கிய சர்வதேசப் பிணைமுறிகளே அதில் முதன்மையானவை. நியூயோர்க்கிலும் இலண்டனிலும் உள்ள முதலீட்டாளர் பலர் அவற்றை வாங்கினர். ஆண்டுகள் செல்லச் செல்ல அவை பெருகி, நமது வெளிநாட்டுக் கடனின் மிகப் பெரிய கூறாயின. டொலரில் வாங்கிய கடனை டொலரிலேயே தீர்த்தல் வேண்டும். புதுச் சாலையும் விமான நிலையமும் கண்ணுக்கு அழகாயினும், அவை ஈட்டும் டொலர் எவ்வளவு? 2022 ஏப்பிரிலில் வெளிநாட்டுக் கடன்களுட் பெரும்பாலானவற்றைத் திருப்பிக் கொடுப்பதை அரசு நிறுத்திற்று. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நின்ற வரிசைகளை எந்த இல்லத்தரசிதான் மறப்பாள்?

இன்று அம்பாந்தோட்டையில் மோட்டார் வாகனங்களை ஒரு கப்பலிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றும் தொழில் நடைபெறுகின்றது. குத்தகை முடியும் ஆண்டு 2116.