அன்றாட வேத தியானம்

அன்றாட வேத தியானம் என்பது கிறித்தவர்கள் நாள்தோறும் வேதாகமத்தின் ஒரு பகுதியை வாசித்து, அதை மனத்தில் அசைபோட்டு, அன்றைய நாளை அதன்படி நடத்த முயலும் பழக்கம். இறைவார்த்தை உயிர் தருவது என்னும் நம்பிக்கையே இதன் அடிப்படை. இப்பழக்கத்தை விளக்க அதிகமாக எடுத்தாளப்படுவது முதலாம் சங்கீதம். கத்தோலிக்கர் இதைத் திருப்பாடல் 1 என்பர். வேதத்தை இரவும் பகலும் தியானிப்பவரை அது நீரருகே நிற்கும் மரத்துக்கு ஒப்பிடுகிறது. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோருக்கு இந்த உவமை எளிதில் விளங்கும்.

சொற்பொருள்

சங்கீதத்தில் தியானத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல் ‘ஹாகா’. மெல்லிய குரலில் முணுமுணுத்தல் என்பது அதன் பொருள்களுள் ஒன்று. ஏசாயா நூலில் இரையின்மேல் உறுமும் சிங்கத்துக்கும் (31:4) புலம்பும் புறாவுக்கும் (38:14) இதே சொல் வருகிறது. எனவே தியானிக்கக் கண்மூடித் தனியே அமர வேண்டும் என்பதில்லை. காலையில் கேட்ட ஒரு வசனத்தைக் களையெடுக்கும்போதும் பேருந்தில் செல்லும்போதும் சொல்லிக்கொண்டிருப்பதும் தியானமே. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது இயலும்.

மரத்தின் அருகே ஓடும் நீருக்கு எபிரேயத்தில் உள்ள சொல், பிரித்துவிடப்பட்ட நீரைக் குறிப்பது. சீர்திருத்தத் திருச்சபையினர் பரவலாகப் பயன்படுத்தும் தமிழ் மொழிபெயர்ப்பு இதை ‘நீர்க்கால்கள்’ என்கிறது. மரமும் தானாக முளைத்தது அன்று. ஒருவர் கொண்டுவந்து நட்டது.

கம்பம் பள்ளத்தாக்கும் உவமையும்

கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் உள்ளது. 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பப்பட்டு, லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலத்துக்குப் பாய்கிறது. மழை பெய்தது மலைக்கு அப்பால். வயலுக்குத் தெரிவது வாய்க்கால் மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத ஊற்றிலிருந்து வரும் வார்த்தையால் நாள்தோறும் வாழ்வது என்னும் கருத்தை இங்குள்ள விசுவாசி இவ்வாறு பொருத்திப் பார்க்கலாம்.

வாக்குறுதியின் எல்லை

வேதம் வாசித்தால் கஷ்டம் வராது என்று புரிந்துகொள்வது தவறு. சங்கீதத்தின் மரம் தினமும் கனி தருவதில்லை; பருவத்தில்தான் தருகிறது. நீர் அன்றாடம், கனி அதன் காலத்தில். எரேமியா 17:7-8 இதே உவமையைக் கையாளும்போது வெப்பமும் வறட்சியும் வரும் என்றே சொல்கிறது. அப்போதும் மரம் கவலைப்படுவதில்லை என்பதே அதன் ஆறுதல். இதைச் சொன்ன எரேமியா, எருசலேம் முற்றுகையையும் பஞ்சத்தையும் நேரில் கண்டவர். ஆகவே விளைச்சல் பொய்த்த ஆண்டில் ஒருவர் தம் விசுவாசம் குறைந்துவிட்டதாகத் தம்மையே குற்றம் சாட்டிக்கொள்ள இவ்வசனங்கள் இடம் தரவில்லை.

நாள்தோறும் என்பதன் காரணம்

யாத்திராகமம் 16இல் இஸ்ரவேலர் மன்னாவை அன்றன்று சேகரிக்க வேண்டியிருந்தது. மறுநாளுக்கு எடுத்துவைத்தது புழுத்தது. ஓய்வுநாளுக்கு முன்தினம் சேர்த்தது மட்டுமே விதிவிலக்கு. மனிதன் அப்பத்தினால் மட்டும் வாழ்வதில்லை என்னும் கருத்தை உபாகமம் 8:3 இந்த அனுபவத்தோடு இணைக்கிறது. இயேசு பாலைநிலத்தில் பசியோடு சோதிக்கப்பட்டபோது இதையே எடுத்துரைத்தார் (மத்தேயு 4:4). நேற்று வாசித்தது இன்றைக்குப் போதாது என்று கிறித்தவர்கள் கருதுவதற்கு இதுவே வேர்.