விடுப்பிலும் விடாத அலுவலகம்: பண்டிகைக் காலத்தில் மனம் ஓய்வு பெறுவது எப்படி?

புது டெல்லி: துர்கா பூஜை, தீபாவளி, சத் பூஜை எனத் தொடங்கி கிறிஸ்துமஸ், புத்தாண்டு வரை நீளும் பண்டிகைக் காலத்தில் நாடு முழுவதும் பணியாளர்கள் விடுப்பு எடுத்துச் சொந்த ஊர்களுக்கும் சுற்றுலாத் தலங்களுக்கும் செல்கின்றனர். ரயில் பயணச்சீட்டை 60 நாள்களுக்கு முன்பே பதிவு செய்யும் பலரும், தாம் இல்லாத நாள்களில் தமது பணியை யார் கவனிப்பது என்பதைப் புறப்படும் நாளின் மாலையில்தான் யோசிக்கின்றனர். விளைவாக, பூஜை நேரத்திலும் அலுவலக அழைப்புகள் தொடர்கின்றன. விடுப்பு முடிந்து திரும்பும்போதும் சோர்வு குறைவதில்லை.

நீண்ட பணிநேரத்தின் பாதிப்பு

உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நீண்ட பணிநேரத்துடன் தொடர்புடைய பக்கவாதம், இதயநோய் ஆகியவற்றால் 2016-இல் உலக அளவில் 7.45 லட்சம் பேர் உயிரிழந்தனர். வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் பணியாற்றுவோருடன் ஒப்பிடுகையில், 55 மணி நேரமோ அதற்கு மேலோ பணியாற்றுவோருக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதயநோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம்.

எத்தனை நாள் விடுப்பு தேவை?

சராசரியாக 23 நாள் விடுப்பில் சென்ற 54 பணியாளர்களை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அவர்களது உடல், மன நலம் எட்டாம் நாளில் உச்சத்தை எட்டியது. பணிக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே அது பழைய நிலைக்கு இறங்கியது. ஓய்வின் பலனை ஆண்டு முழுவதற்கும் சேமித்துவைக்க இயலாது என்பதையே இது உணர்த்துகிறது. ஆண்டுக்கு ஒரே ஒரு நீண்ட விடுப்பை நம்பியிருப்பதைக் காட்டிலும், இடைவெளிகளில் சிறு விடுப்புகளும் அன்றாட ஓய்வும் அவசியமாகின்றன.

நான்கு அனுபவங்கள்

பணிக்களைப்பிலிருந்து மீள உதவும் அனுபவங்களை, உளவியலாளர்கள் சபீன் சோனன்டாக், சார்லட் ஃபிரிட்ஸ் ஆகியோர் 2007-இல் நான்காக வகைப்படுத்தினர்: பணி நினைவிலிருந்து விலகியிருத்தல், உடலும் மனமும் தளர்ந்து இளைப்பாறுதல், புதிய திறன் ஒன்றைக் கற்றல், தமது நேரத்தைத் தாமே தீர்மானித்தல். இவற்றுள் எதற்கும் தொலைதூரப் பயணம் கட்டாயமில்லை. மலைவாசத்தலத்தில் அமர்ந்து மின்னஞ்சல் பார்ப்பவரைவிட, கைப்பேசியை எடுத்து வைத்துவிட்டு வீட்டில் இசை பயில்பவர் கூடுதல் ஓய்வு பெறக்கூடும்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

முடிக்காத வேலைகள் மனத்தில் மீண்டும் மீண்டும் தலைதூக்கும். அவற்றை எப்போது, எவ்வாறு முடிப்பது எனத் திட்டம் வகுத்தாலே இந்த இடையூறு குறைகிறது என 2011-இல் வெளியான சோதனைகள் காட்டின. எனவே, நிலுவைப் பணிகளையும் அவற்றுக்கான நாள்களையும் எழுதி வைப்பது, பொறுப்பை ஒரு சக பணியாளரிடம் முறையாக ஒப்படைப்பது, அவரது பெயருடன் தானியங்கி மின்னஞ்சல் பதிலை அமைப்பது, அலுவலகச் செயலிகளின் அறிவிப்புகளை நிறுத்துவது ஆகியவை பலன் தரும்.

நிறுவனங்களின் பங்கு

பணியாளர் மட்டும் முயன்றால் போதாது. பண்டிகைக்கால விற்பனை முடிந்தபின் மீஷோ நிறுவனம் தன் பணியாளர் அனைவருக்கும் ஒரே நேரத்தில் விடுப்பு அளித்துள்ளது; 2024-இல் அது 9 நாள்கள். விடுப்பில் இருப்பவரைப் பணிக்காகத் தொடர்பு கொள்வோருக்குச் சுமார் ரூ.1 லட்சம் அபராதம் என்ற விதியை ட்ரீம்11 வகுத்தது. வங்கிகளில் முக்கியப் பொறுப்பில் உள்ளோருக்கு ஆண்டுதோறும் குறைந்தது 10 வேலை நாள்கள் முன்னறிவிப்பற்ற கட்டாய விடுப்பு அளிக்க ரிசர்வ் வங்கி 2021-இல் அறிவுறுத்தியது. அந்நாள்களில் பணி சார்ந்த கணினி வசதிகளை அவர்கள் அணுக முடியாது. முறைகேடுகளைக் கண்டறிவதே அதன் நோக்கம் எனினும், எந்தவொரு பணியையும் இன்னொருவர் கவனிக்க முடியும் என்பதற்கு அது சான்றாக உள்ளது.

சட்டம் சொல்வது என்ன?

பணிநேரத்துக்குப் பிந்தைய அழைப்புகளை ஏற்க மறுக்கும் உரிமை தொடர்பான விதி பிரான்ஸில் 2017 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தியாவில் இதற்கான தனிநபர் மசோதாவை மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே 2018-இலும், மீண்டும் 2025 டிசம்பரிலும் அறிமுகம் செய்தார். அது இன்னும் சட்டமாகவில்லை.

வீட்டிலும் பகிர வேண்டிய சுமை

2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களும், ஆண்கள் 88 நிமிடங்களும் அவற்றில் செலவிடுகின்றனர். விருந்தினர் வருகையும் பலகாரத் தயாரிப்பும் சேரும் பண்டிகை நாள்களில், சமையலையும் தூய்மைப் பணியையும் குடும்பத்தினர் பகிர்ந்துகொள்ளாவிடில், பணிக்குச் செல்லும் பெண்களுக்கு விடுப்பு என்பது இடமாற்றம் பெற்ற வேலையாகவே முடியும்.

போதிய ஓய்வுக்குப் பின்னரும் உறக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு நீடித்தால் மருத்துவ ஆலோசனை பெறுவது அவசியம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416-ஐ 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் இச்சேவை வழங்கப்படுகிறது.